வரைபட அலமாரியில் அவரைச் செடி

ஆகஸ்ட் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இன்று காலை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக உலகத்தைச் சுருட்டி மூலையில் சாத்தினேன். பயப்படாதே, வரைபட அலமாரியைக் காலி செய்ததைத்தான் சொல்கிறேன். கண்டங்கள், கடல்கள், மழைக்காடுகள் எல்லாம் இப்போது என் மேசைக்குப் பின்னால் தூசியோடு நிற்கின்றன. தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. மற்றபடி நானும் உன் அத்தானும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியைப் பார்த்து இறங்குகிறாயா?

அறிவியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போய்விட்டாள். கண்காட்சி அடுத்த மாதம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், செய்யுளையே புரிய வைக்கிறீங்க, செடி கொடியா உங்களுக்குப் பெரிசு?" என்று என் தலையில் கட்டிவிட்டார். எட்டாம் வகுப்பு சோப்பில் சிற்பம் செதுக்குகிறது. ஒன்பதாம் வகுப்பு சுவர்ப் பத்திரிகை தயாரிக்கிறது. தாழ்வாரம் முழுக்கப் பசை வாசனை.

பத்தாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதிலோடு எழுந்துவிடுவாள். வகுப்பே அவளை முந்திரிக்கொட்டை என்கிறது. அந்தப் பெயருக்கு அவளும் சிரித்துக்கொண்டே திரும்புகிறாள். ஒரே மாதிரி இரண்டு தொட்டிகளில் அவரை விதை ஊன்றி, ஒன்றை ஜன்னலிலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்துப் பார்க்கப் போகிறாளாம். பள்ளியில் இருட்டுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இந்த அலமாரி. இதன் சாவியும் வகுப்பறைச் சாவியும் அவள் பக்கத்து இருக்கைத் தோழியிடம். அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். உயரத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டாய்.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை எதற்கு இருக்கிறாள்? ஏதாவது யோசனை எழுது. போனில் வேண்டாம். போனில் நாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சண்டை போட்டுவிடுகிறோம் என்று உன் அத்தான் சொல்கிறார்.

உன் வாலுப் பெண்ணுக்கு என் முத்தம்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் துணைக்கு இருக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்றதா?

உன்னைச் செடி கொடிக்குப் பொறுப்பாகப் போட்டவர் பெரிய தைரியசாலிதான். உன் வீட்டில் எந்தச் செடியாவது பிழைத்திருக்கிறதா? வாங்கி வந்த அன்றே உன்னைப் பார்த்துப் பயந்து வாடிவிடுமே.

யோசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே ஒன்று சொல்வார்கள்: முளைத்ததை முளைத்தபடி எழுது. முளைக்காததை முளைக்கவில்லை என்று எழுது. அதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல். முந்திரிக்கொட்டைகளை எனக்குப் பிடிக்கும். நானும் அப்படித்தானே இருந்தேன், நீ தலையில் குட்டி உட்காரவைக்கும் வரை!

உடம்பைக் கவனித்துக்கொள். தூசியில் மூக்கை நீட்டாதே.

சின்னவள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே எல்லோர் கையிலும் பசை, எல்லோர் வாயிலும் சத்தம். தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுகிறார். நடுவராக வரப்போகிறவர் மிகவும் கண்டிப்பானவராம்.

ஒரு சந்தேகம். நேற்று முந்திரிக்கொட்டை ஓடி வந்தாள். "டீச்சர், டீச்சர், இருட்டுல இருக்கிறதுதான் கிடுகிடுன்னு வளருது. ஜன்னல்ல இருக்கிறது குள்ளமாவே நிக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தலைகீழா சொல்லாதம்மா. வெயில் இல்லாம எந்தச் செடி வளரும்? தொட்டியை மாத்தி வெச்சிருப்பே" என்றேன். "இல்ல டீச்சர், நான் தினமும் பாக்கிறேனே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வெயில் வேண்டும் என்று மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அல்லவா? இருந்தாலும் நீ ஒரு வரி எழுதிவிடு. கண்காட்சி ஏழாம் தேதி.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே அனைவரும் நலம்.

கண்காட்சி சிறப்பாக நடந்தது. சுவர்ப் பத்திரிகைக்கு முதல் பரிசு. சோப்புச் சிற்பங்களை நடுவர் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துப் பாராட்டினார். தலைமையாசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வரும் ஆண்டு என்னை உதவித் தலைமையாசிரியை ஆக்கும்படி மேலே எழுதப்போகிறாராம். உடற்பயிற்சி ஆசிரியர், "இனிமே உங்களைப் பாத்தா நானும் வரிசையில நிக்கணுமா டீச்சர்?" என்று கேலி செய்கிறார்.

அந்த அவரைச் செடிப் பெண்ணுக்கு மட்டும் அவ்வளவு சரியாக அமையவில்லை. நடுவர் ஏதோ கேட்டார், பதற்றத்தில் குழம்பிவிட்டாள். சிறுபிள்ளைதானே, சரியாகிவிடும். போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ சிரமப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். இனி தேவை இல்லை.

நல்லபடியாக இரு.

அக்கா


செப்டம்பர் 17

அன்பு அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் இன்றுதான் ஒன்றாகப் படித்தேன். நீ வாய் வைத்தது பலித்துவிட்டது: கூடத்துப் படியில் விழுந்து காலில் மாவுக்கட்டு. கடிதங்கள் அலுவலக மேசையில் கிடந்திருக்கின்றன. என் மகள் கட்டு முழுக்கப் பூ வரைந்து வைத்திருக்கிறாள். வலி குறைந்துவிட்டது, கவலைப்படாதே.

நீ வேண்டாம் என்றாலும் சொல்கிறேன். உன் முந்திரிக்கொட்டை சொன்னதுதான் சரி! இருட்டில் முளைத்த செடி வெளிச்சத்தைத் தேடி விறுவிறுவென்று நீளும். வெளிறி, மெலிந்து, இலை விரியாமல் நெட்டையாக நிற்கும். ஜன்னலில் இருப்பதற்கு அந்த அவசரம் இல்லை. அது குட்டையாக, தடியாக, பச்சையாக இருக்கும். புத்தகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்து அவள் சொல்லியிருக்கிறாள். கட்டி அணைத்து என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சரியாகப் பார்த்தவள் எப்படிக் குழம்பினாள்? நடுவர் என்னதான் கேட்டார்?

அத்தானுக்கு என் அன்பு.

நொண்டிச் சின்னவள்


அக்டோபர் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

கட்டைப் பிரித்தாயிற்றா? எண்ணெய் தேய்த்து மெதுவாக நடந்து பழகு. பார்க்க வர முடியவில்லை என்று எனக்கு வருத்தம். அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குப் புதிதாகத் திரைச்சீலைகள் தைத்திருக்கிறேன். கடைத்தெருக் கோடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள், நேர்த்தியான வேலை. முந்திரிக்கொட்டையின் அம்மாதான். இளநீலத்தில் ஒரு ஜோடி, வெள்ளையில் ஒரு ஜோடி. உன் அத்தான், "நாடகம் போடப் போறியா?" என்று கேட்கிறார். அவருக்கு இருமல் தேவலை. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அறிவியல் ஆசிரியைக்குப் பெண் குழந்தை, அச்சு அசல் அவள் மாமியார். தலைமையாசிரியர் என்னைப் பற்றி எழுதிய காகிதம் மேலே போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

நன்றாக ஓய்வெடு.

அக்கா


அக்டோபர் 19

அன்பு அக்காவுக்கு,

கட்டு பிரித்தாயிற்று. கால் என்னுடையது மாதிரியே இல்லை, யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி இருக்கிறது.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

உனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லட்டுமா? எதையாவது மறைக்கும்போது உன் கையெழுத்து அழகாகிவிடும். கல்லூரி விடுதியிலிருந்து காய்ச்சலை மறைத்து அம்மாவுக்கு எழுதுவாயே, அந்தக் கடிதங்கள் எல்லாம் அச்சடித்தது போல இருக்கும். செப்டம்பர் ஒன்பதாம் தேதிக் கடிதமும் இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கின்றன. ஆகஸ்ட் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கோழி கிளறியது போல இருக்கிறது. அதுதான் என் அக்கா.

என்ன ஆச்சு? என்னிடம் சொல்வதற்கு என்ன?

சாப்பிடு, தூங்கு, பிறகு எழுது.

சின்னவள்


நவம்பர் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கால் நலமா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கோழி கிளறியபடியே எழுதுகிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு வகுப்பறையில் ஒவ்வொரு மேசையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். அவள் மேசையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. நெட்டையாக இருந்ததில் 'இருட்டில் வளர்ந்தது' என்றும், குட்டையாக இருந்ததில் 'வெயிலில் வளர்ந்தது' என்றும் சீட்டு ஒட்டியிருந்தாள். அவசரக்காரி, மாற்றி ஒட்டிவிட்டாள் என்று நினைத்தேன். நாளைக்கு எல்லோர் முன்னாலும் அசடு வழியப் போகிறாளே என்று எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு சீட்டுகளையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். நான் உனக்கு எழுதியும் கேட்டிருந்தேன். ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தனக்குத் தெரிந்ததை யார் போன் செய்து கேட்பார்கள்?

மறுநாள் நடுவர் அந்த நெட்டைச் செடியைத் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல வளந்த செடி இப்படித்தான் வெளுத்துக் கிடக்குமா?" என்றார். அவள் அப்போதுதான் சீட்டைப் பார்த்தாள். "இல்ல சார், இதுதான் இருட்டுல வளந்தது" என்றாள்.

"நான் கேட்டதும் மாத்திச் சொல்றியா? இந்தச் சீட்டை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"யாரோ செஞ்சு குடுத்ததைத் தூக்கிட்டு வந்து நின்னா இப்படித்தான் ஆகும்" என்று அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர். நான் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்ல?"

நான் என்ன செய்துவிட்டேன் என்று அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உன் கடிதம் வந்துதான் தெரிந்தது என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அது உண்மை இல்லை. நடுவர் பக்கத்தில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். நான் அவள் தோளில் கை வைத்து, "பாவம், பதற்றத்துல குழம்பிட்டா சார்" என்றேன்.

அந்தக் கை, சின்னவளே. அதை எடுத்துவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மேசை வரைக்கும் அவளை அப்படியே அணைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

அக்கா


நவம்பர் 13

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக நடக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன்னைத் திட்டப் போவதில்லை. எங்கள் கூடத்திலும் சீட்டு மாறும். மாறினால் யார் மாற்றியது என்று அன்றே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த விதையை நம்பி எங்கோ ஒருவர் நிலத்தை உழுதுவிடுவார்.

என்னிடம் சொன்னாய். சரி. அவளிடம் சொன்னாயா?

தைரியமாக இரு.

சின்னவள்


டிசம்பர் 5

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கால், உன் வேலை, வாலுவின் படிப்பு எல்லாம் சுகந்தானே?

உனக்கு எழுதிய பிறகு மனசு எவ்வளவோ லேசாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அதற்கு உனக்கு நன்றி.

அவளிடம் சொல்ல முயலாமல் இல்லை. செப்டம்பரிலேயே ஒரு நாள் அவள் அம்மாவின் தையல் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "டீச்சர், நீங்க அவளுக்காக எவ்வளவு பாடுபட்டீங்க! அலமாரியெல்லாம் காலி பண்ணிக் குடுத்தீங்களாமே. இவ போயி உங்க மானத்தை வாங்கிட்டா" என்றாள்.  என் கையில் இருந்த பையைப் பார்த்து, "என்ன டீச்சர், ஏதாவது தைக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படித்தான் முதல் திரைச்சீலை வந்தது. இரண்டாம் முறை சொல்லிவிடுவது என்று கிளம்பும்போதே எதற்கும் இருக்கட்டும் என்று துணியும் எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் ஜன்னலைவிடத் திரைச்சீலைகள் அதிகம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வகுப்பறைச் சாவியும் அலமாரிச் சாவியும் ஒட்டடைக்குச்சியிடம் இருந்ததால், சீட்டை மாற்றியது அவள்தான் என்று வகுப்பில் பேச்சு. முந்திரிக்கொட்டையும் அப்படியே நினைக்கிறாள். ஒட்டிப் பிறந்தவர்கள் போல இருந்த இருவரும் பேசுவதில்லை. சாவியைத் தலைமையாசிரியர் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது கேள்வி கேட்டால் வகுப்பில் யாரும் முந்துவதில்லை. முந்திரிக்கொட்டையை எழுப்பிக் கேட்டால்கூட, "தெரியல டீச்சர்" என்கிறாள். பதினோராம் வகுப்புக்கு அவளுக்கு அறிவியல் பிரிவு வேண்டாம், வணிகப் பிரிவு போதும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். தான் செய்ததே தனக்குப் புரியாத பிள்ளையாம். முடிவு ஜனவரியில்.

உத்தரவு வந்ததும் சொல்லலாம் என்று பார்க்கிறேன். உதவித் தலைமையாசிரியை ஆகிவிட்டால் அவளுக்கு அறிவியல் பிரிவை நானே வாங்கிக் கொடுக்க முடியும். அது நல்ல வழிதானே? பதில் எழுது.

அக்கா


டிசம்பர் 16

(அஞ்சலட்டை)

அக்கா, நலம். நீ அவளிடம் சொன்ன பிறகு எழுது. பூனைக்குட்டி மாதிரி என் காலைச் சுற்றி வராதே.

சின்னவள்


ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் முழங்காலைக் குளிர் படுத்தாமல் இருக்கிறதா? உன் அத்தானுக்கு மறுபடி இருமல்.

இன்று காலை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக வரைபட அலமாரியைத் திறந்து பார்த்தேன். உன் அட்டை வந்த வாரம் நானே ஒரு தொட்டியில் அவரை ஊன்றி உள்ளே வைத்தேன். இன்னொன்று என் வீட்டு ஜன்னலில், ஒரு திரைச்சீலையைக் கழற்றிவிட்டு வைத்திருக்கிறேன். உன் கேலி பலிக்கவில்லை, இரண்டும் பிழைத்துக்கொண்டன. அலமாரிச் செடி மேல்தட்டை முட்டி, கதவிடுக்கைப் பார்த்து வளைந்து நிற்கிறது. அவள் அன்று சொன்னபடியே வெளுத்து, நெட்டையாக இருக்கிறது. சொன்னபோது ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். அலமாரி என் மேசையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நேற்று இடைவேளையில் அவளாகவே வந்தாள்.

"டீச்சர், நான் வணிகப் பிரிவே எடுத்துக்கிறேன்."

"ஏம்மா?"

"எனக்கு இதெல்லாம் ஒத்துவராது டீச்சர்." கிளம்பியவள் திரும்பி வந்தாள். "டீச்சர், அன்னைக்கு நான்தான் மாத்தி ஒட்டிட்டேனோ? இப்ப யோசிச்சா எது நெட்டையா இருந்துச்சு, எது குட்டையா இருந்துச்சுன்னே சரியா ஞாபகம் வரல. நீங்க அப்பவே தலைகீழா சொல்றேன்னு சொன்னீங்க. அவளைப் போயி சந்தேகப்பட்டுட்டேன். நேத்து மன்னிப்பு கேட்டுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"போடி லூசுன்னா." அவள் சிரித்தாள். செப்டம்பருக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். "இப்ப பேசிட்டோம் டீச்சர்."

கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது, பார்த்தாயா? தோழிகள் சேர்ந்துவிட்டார்கள். அவள் அம்மா சந்தோஷம். தலைமையாசிரியர் சந்தோஷம். நான் வாயைத் திறக்காவிட்டால் இனி ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அவள் செய்யாத தப்பை அவளே எடுத்துக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டு, என் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாள். தன் கண்ணால் தினமும் பார்த்ததைப் பார்க்கவே இல்லை என்று நம்பவும் பழகிவிட்டாள். இத்தனை வருட ஆசிரியை வேலையில் எந்தப் பிள்ளைக்கும் நான் எதையும் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்ததில்லை.

உத்தரவு வந்துவிட்டது. தலைமையாசிரியர் மேசையில் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. பிரிவுகளை முடிவு செய்யும் கூட்டம் நாளை பிற்பகல்.

நாளை காலை மணி அடித்து, பள்ளி முழுவதும் வரிசையில் நிற்கும்போது இரண்டு தொட்டிகளையும் மேடையில் வைப்பேன். அவளைக் கூப்பிட்டு, இரண்டு சீட்டுகளையும் அவள் கையாலேயே ஒட்டச் சொல்வேன். பிறகு, அன்று குழம்பியது அவள் இல்லை என்று சொல்வேன். யார் மாற்றினார்கள், யார் தெரிந்தே சும்மா நின்றார்கள் என்பதையும் சொல்வேன். அதன் பிறகு தலைமையாசிரியர் அந்த உத்தரவை என்ன செய்கிறாரோ செய்யட்டும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தானிடம்கூட. போன முறை உன்னிடம் சொன்னதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது, நினைவிருக்கிறதா? அந்த நிம்மதியில் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. அதனால் இந்த முறை நீயும் முதலில் தெரிந்துகொள்ளப் போவதில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டி, முகவரி எழுதி, அலமாரிக்குள் தொட்டியின் அடியில் வைக்கிறேன். தொட்டியை வெளியே எடுக்காமல் இதை எடுக்க முடியாது. நான் பேசாவிட்டால் நீ இதைப் படிக்கவே மாட்டாய்.

வாலுவுக்கு என் அன்பு. படியைப் பார்த்து இறங்கு.

வகுப்பறையில் வேறு யாரும் இல்லை. ஒட்டடைக்குச்சி மட்டும் வாசலில் நிற்கிறாள், அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டுமாம். சாவியை இன்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா